ஒரு பிள்ளைக்கு ஒரு வருஷம்: ஏற்காட்டு வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள்



ஏற்காடு ஒண்டிக்கடையில் கடை வைத்திருக்கும் அண்ணன்மாருக்கும், நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை, செம்மநத்தம் பக்கத்து அக்கா தங்கைகளுக்கும், எஸ்டேட் குடியிருப்புகளில் இருக்கும் என் அப்பா காலத்துப் பெரியவர்களுக்கும், பள்ளிக்கூடங்களில் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன். காப்பித் தோட்டத்தில் ரைட்டராக இருந்தவரின் மகள் நான். கல்யாணமாகி இங்கே அமெரிக்காவின் விஸ்கான்சினுக்கு வந்து பல வருஷம் ஆகிவிட்டது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊருக்கு எழுதினால் கோயில் திருப்பணி, பள்ளிக் கட்டடம் என்று பணத்தைப் பற்றித்தான் பேச்சு இருக்கும். நான் எழுதுவது பணத்தைப் பற்றி இல்லை. உங்களிடம் ஒன்று கேட்கப்போகிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு பள்ளிப் பிள்ளையை, பதினைந்து பதினாறு வயதுப் பெண்ணையோ பையனையோ, ஒரு கல்வியாண்டு முழுக்க உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வாடகை வேண்டாம், சம்பளம் வேண்டாம். உங்கள் பிள்ளைகள் சாப்பிடுவதை அதுவும் சாப்பிடட்டும், அவர்கள் போகும் பள்ளிக்கு அதுவும் போகட்டும். வருஷம் முடிந்ததும் தன் ஊருக்குத் திரும்பிப் போகட்டும்.

"எதற்கு?" என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இப்படிப் பிள்ளைகளை வீடு மாற்றி வளர்க்கும் வழக்கம் பெரும் போர்களுக்குப் பிறகு வேர்விட்டது. முதல் உலகப் போரில் பிரான்ஸின் போர்முனைகளில் காயம்பட்டவர்களை ஆம்புலன்ஸில் ஏற்றி இறக்கிய அமெரிக்கத் தன்னார்வலர்கள் அமைத்ததுதான் ஏ.எஃப்.எஸ். என்ற அமைப்பு. இரண்டாம் உலகப் போரிலும் அதே வேலையைச் செய்தார்கள். இரண்டு தலைமுறைப் பிள்ளைகளின் உடல்களைச் சுமந்த அந்த ஓட்டுநர்கள், போர் முடிந்ததும் கூடிப் பேசினார்கள். அடுத்த நாட்டுப் பிள்ளை நம் வீட்டுச் சமையலறையில் ஒரு வருஷம் இருந்துவிட்டால் அந்த நாட்டின்மேல் அவ்வளவு சுலபமாக வெறுப்பு வராது என்று நம்பினார்கள். 1947இல், நம் நாடு விடுதலை அடைந்த அதே ஆண்டில், பத்து நாடுகளிலிருந்து சுமார் 50 மாணவர்களை அமெரிக்கக் குடும்பங்களில் தங்கவைத்தார்கள். இன்று அந்த அமைப்பு இந்தியாவிலும் இருக்கிறது. ரோட்டரி சங்கங்களும் இதே வேலையை 100க்கும் மேற்பட்ட நாடுகளில் செய்கின்றன. சென்னையிலும் கோவையிலும் ரோட்டரிக் குடும்பங்கள் இப்படிப் பிள்ளைகளை வைத்து வளர்த்து அனுப்பியிருக்கின்றன. நம் மலைமேல் இதுவரை யாரும் செய்து நான் கேள்விப்பட்டதில்லை.

நாங்கள் இங்கே செய்தோம். கஜகஸ்தானிலிருந்து ஒரு பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள். பழைய சோவியத் நாடுகளின் பள்ளிப் பிள்ளைகளுக்காக அமெரிக்க அரசு 1992இல் சட்டம் இயற்றித் தொடங்கிய ஃப்ளெக்ஸ் என்ற உதவித்தொகைத் திட்டத்தில், பல சுற்றுத் தேர்வு எழுதி வென்று வந்தவள். சொந்த ஊர் அல்மாட்டி. ஜன்னலைத் திறந்தால் பனி மூடிய மலை தெரியும் ஊர் என்பாள். அவள் பெயரை இங்கே எழுதவில்லை. அது அவளுடைய வாழ்க்கை.

வருவதற்கு முன்பு எங்களைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். வீட்டுக்கு நேரில் வந்து பார்த்தார்கள். அவள் படுக்கப்போகும் அறை, சமையலறை, குளியலறை என்று எல்லாவற்றையும் படம் எடுத்தார்கள். வீட்டில் பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவர் மேலும் குற்றவழக்கு உண்டா என்று விசாரித்தார்கள். என் மாமியாரையும் விடவில்லை. எங்களைத் தெரிந்த வெளியாட்களிடம் சான்று கேட்டார்கள். பள்ளி எழுத்து மூலம் சம்மதம் தரவேண்டும். அவள் வந்த பிறகும் உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் மாதாமாதம் அவளிடம் தனியாகவும் எங்களிடம் தனியாகவும் பேசினார்.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் உண்டு. 2009இல் பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்கிரான்டன் நகரத்தில், இப்படி வந்த மாணவர்கள் சிலர் சரியான சாப்பாடுகூட இல்லாமல், குடியிருக்கத் தகாத வீடுகளில் கிடந்தது வெளியே வந்தது. அதற்குப் பிறகு விதிகளை இறுக்கினார்கள். அயல்நாட்டில் தனியாக இருக்கும் பிள்ளை, வாய்விட்டுச் சொல்லப் பயப்படும் பிள்ளை. அதைக் காக்கத்தான் இந்த விசாரணை எல்லாம். நாளைக்கு உங்கள் வீட்டுக்கும் யாராவது வந்து கேள்வி கேட்டால் கோபப்படாதீர்கள். கேள்வி கேட்காமல் பிள்ளையை ஒப்படைக்கும் அமைப்பை நம்பாதீர்கள்.

ஏற்கும் குடும்பத்துக்கு இங்கே ஒரு காசும் தருவதில்லை. தரக்கூடாது என்பதே விதி. வரிக்கணக்கில் மாதத்துக்கு 50 டாலர் வரை தர்மச் செலவாகக் காட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். பிள்ளையின் மருத்துவக் காப்பீட்டை அமைப்பு பார்த்துக்கொள்ளும். நாம் தரவேண்டியது ஒரு கட்டில், மூன்று வேளைச் சாப்பாடு, வீட்டில் ஓர் இடம். கட்டிலும் சாப்பாடும் முதல் நாளே தந்துவிடலாம். வீட்டில் இடம் தருவதற்குத்தான் மாதக்கணக்காகிறது.

"விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. மூன்று நாள் யாரையும் தாங்கலாம். நான்காம் நாள் தாங்குகிறவருக்கும் அலுக்கும், தாங்கப்படுகிறவருக்கும் கூசும். அவள் வந்த புதிதில் என் மாமியார் அவளை ஒரு தட்டுக்கூடக் கழுவவிடவில்லை. நல்ல நாற்காலி அவளுக்கு, முதல் தோசை அவளுக்கு. அவளோ நாளுக்கு நாள் வாடினாள். ஒருநாள் என்னிடம் வந்து, "இந்த வீட்டில் என் வேலை எது?" என்று கேட்டாள். அன்றிலிருந்து சனிக்கிழமை மாவாட்டுவது அவள் வேலை, வாசலில் பனி தள்ளுவதில் என் மகளுக்குப் பாதி அவளுக்குப் பாதி. ஒருமுறை இரண்டு பேரும் குளியலறைக்காகச் சண்டை போட்டுப் பள்ளிப் பேருந்தைத் தவறவிட்டார்கள். இருவரையும் நிற்கவைத்துச் சேர்த்துத் திட்டினேன். அன்று இரவு அவள் தன் அம்மாவிடம் போனில் சிரித்துச் சிரித்துப் பேசுவது கேட்டது. என்னவென்று விசாரித்தால், "இன்றைக்கு என்னையும் திட்டினார்கள் என்று சொன்னேன்" என்றாள். அந்தக் குரலில் இருந்த நிம்மதியை நான் மறக்கமாட்டேன். திட்டு வாங்குகிற பிள்ளை வீட்டுப் பிள்ளை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் காலையில் நம் மலைக் காப்பிதான். தம்பி அனுப்பும் கொட்டையை நானே வறுத்து அரைத்து வைப்பேன்; மாமியார் ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறக்கி, டம்ளர் தளும்பத் தளும்பக் கொடுப்பார். தளும்பக் கொடுப்பதுதானே நமக்கு மரியாதை. அவள் பேசாமல் குடித்துவிட்டுப் போவாள். ஓரளவு பழகிய பிறகு ஒருநாள் அவளே எழுந்து போய், மாமியாரின் டம்ளரில் பாதிதான் ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினாள். தன் ஊரில் தேநீரைக் கிண்ணத்தில் பாதிதான் ஊற்றுவார்களாம். தீரத் தீர மறுபடி ஊற்றவேண்டும், அப்போதுதான் வந்தவர் கூட இருப்பார், பேச்சு வளரும். கிண்ணம் நிறைய ஊற்றிக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று அர்த்தமாம். மாமியாருக்கு ஆங்கிலம் தெரியாது, அவளுக்கு அப்போது தமிழ் வராது. நான் இருவருக்கும் நடுவில் நின்று சொன்னேன். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் அவளுக்கு மட்டும் பாதி டம்ளர், இரண்டு மூன்று தடவை. "பாதி ஊத்தினாத்தான் புள்ள மறுபடி கேக்கும், கேக்கட்டும்" என்பார் மாமியார். அந்த மறுபடி கேட்கும் நேரத்தில்தான் அவள் தமிழ் படித்தாள். கிளம்பும்போது, "அம்மாச்சி, காப்பி போதும், உக்காருங்க" என்று சொல்லும் அளவுக்கு வந்திருந்தாள்.

எல்லாம் இனிமையாக இருந்ததாக எண்ணிவிடாதீர்கள். வந்த புதிதின் பரபரப்பு அடங்கி, குளிர் இறுகி, மாலை நான்கரைக்கே இருட்டிவிடும் நவம்பரில் அவள் அறையை விட்டு வெளியே வரவில்லை. என் மகளுக்கோ பொறாமை. அம்மாவையும் பாட்டியையும் யாரோ பங்கு போடுகிறார்கள் என்று. இரண்டையும் ஒருங்கிணைப்பாளர் எதிர்பார்த்தே இருந்தார். மூன்றாம் மாதத்தில் எல்லா வீட்டிலும் இது வரும் என்றார். அவர் சொன்ன வழி, அவளைச் சமையலறைக்குக் கூப்பிட்டு அவள் ஊர்ச் சாப்பாட்டை அவளையே செய்யச் சொல்வது. மார்ச்சில் அவர்களுடைய நவுரிஸ் புத்தாண்டு வந்தபோது என் மகளும் அவளும் சேர்ந்து பவுர்சாக் என்ற மாவுருண்டையை எண்ணெயில் பொரித்து அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தார்கள். அடுத்த மாதம் நம் சித்திரைக்கு அதே இரண்டு பேர் பாயசம் கிண்டினார்கள். இப்போது அவள் ஊர் திரும்பிக் கல்லூரியில் படிக்கிறாள். ஃப்ளெக்ஸ் திட்டத்தில் வந்தவர்கள் திரும்பிப் போய் இரண்டு வருஷமாவது சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும் என்பது விதி. நல்ல விதி. குடியேற வழி தேடும் ஏற்பாடாக இது இருந்தால் இதில் பாதி அர்த்தம் போய்விடும்.

அவள் இருந்த நாளெல்லாம் எனக்கு ஏற்காடு நினைவுதான். வெளியாட்களைப் பார்க்காத ஊரா நம் ஊர்? சேர்வராயன் மலையில் இருக்கும் எல்லோருமே எப்போதோ எங்கிருந்தோ வந்தவர்கள்தான். முதலில் வந்து காட்டைத் திருத்திக் கேழ்வரகும் சாமையும் விதைத்த மலையாளி மக்கள்கூட, தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாகத்தான் சொல்லிவருகிறார்கள். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அதன் பின்னால் துரைமார்கள், தோட்ட வேலைக்கு அடிவாரத்திலிருந்து நம் பாட்டன்மார். 1894இல் சேக்ரட் ஹார்ட் கான்வென்ட், 1917இல் மான்ட்ஃபோர்ட் பள்ளி. நூறு வருஷத்துக்கு மேலாக எங்கெங்கோ இருக்கும் வீடுகளின் பிள்ளைகள் இந்த மலையில் வந்து படிக்கிறார்கள். சசி தரூர், ரோஜர் பின்னி, நடிகர் விக்ரம் எல்லோரும் நம் மூடுபனிக்குள் நடந்து வளர்ந்தவர்கள்.

ஆனால் நம்மில் யாருக்கு அந்தப் பிள்ளைகளைத் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை வரிசையாக வருவார்கள். கடையில் மிட்டாய் வாங்குவார்கள். மறுபடி பள்ளிக் கேட்டுக்குள் போய்விடுவார்கள். என் சிறுவயதில் அவர்களை நான் பார்த்ததெல்லாம் சாலையின் இந்தப் பக்கத்திலிருந்துதான். அவர்களுக்கு வீட்டு நினைப்பு வந்தால் யாரிடம் சொல்வார்கள் என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. கேட்க வழியும் இருக்கவில்லை.

சுற்றுலா வந்தவர்களோடும் இதே கதைதான். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிறவர்களுக்கு ஏரியில் படகு, அண்ணா பூங்காவில் பூ, லேடீஸ் சீட்டில் பள்ளத்தாக்கு, திரும்பும்போது மிளகும் காப்பித்தூளும். அறை வாடகைக்கு விடத் தெரிந்த வீடுகள் இப்போது தெருவுக்குத் தெரு. அதைக் குறை சொல்லவில்லை. அதில்தான் பல வீட்டில் அடுப்பு எரிகிறது. என் கவலை வேறு. வருகிறவர்களை வாடிக்கையாளர்களாக மட்டுமே பார்த்துப் பார்த்து, ஒருவரோடு சேர்ந்து இருக்கும் பழக்கம் நமக்குக் கைவிட்டுப் போகிறது. வருகிறவர்களும் மலையைப் பார்த்துவிட்டு, மலைமேல் இருக்கும் மனிதர்களைப் பார்க்காமல் இறங்கிப் போகிறார்கள்.

சேர்ந்து இருந்தவர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். பீட்டர் பெர்சிவல் என்ற பாதிரியார், யாழ்ப்பாணத்தில் பள்ளி நடத்தியவர், ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தவர், 1882இல் நம் ஏற்காட்டில்தான் காலமானார். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து 1874இல் அச்சிட்டவர் அவர். அவருடைய மருமகன் ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863இல் பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இந்த மண்ணில் மனிதன் எவ்வளவு காலமாக வாழ்கிறான் என்று உலகத்துக்குக் காட்டியவர். அவரும் பிற்காலத்தில் நம் ஊரில் வீடெடுத்துத் தங்கினார். ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவருக்கு நினைவிடம் இருக்கிறது. பெர்சிவல் தொகுத்த ஆறாயிரம் பழமொழியை யாரும் மேசையில் உட்கார்ந்து சேர்க்க முடியாது. யாரோ திண்ணையில் உட்காரவைத்துப் பேசியிருக்கிறார்கள், யாரோ ஒரு பாட்டி சலிக்காமல் சொல்லித்தந்திருக்கிறார். அந்தப் பாட்டிகள் யார் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்கள் செய்ததைத்தான் உங்களைச் செய்யச் சொல்கிறேன்.

இனி நீங்கள் கேட்கப்போகும் கேள்விகளுக்கு வருகிறேன்.

வீடு சின்னது என்பீர்கள். தனி அறை கட்டாயம் இல்லை. தனிக் கட்டில் வேண்டும், பூட்டிக்கொள்ளக் கூடிய கழிப்பறை வேண்டும், படிக்க ஒரு மூலை வேண்டும். ஒத்த வயதில் உங்கள் வீட்டுப் பெண் இருந்தால் பெண் பிள்ளையையும், பையன் இருந்தால் ஆண் பிள்ளையையும் கேட்டு வாங்கலாம். வருஷம் முழுக்க முடியாது என்றால் ரோட்டரி வழி நமக்குப் பொருந்தும். அவர்கள் ஒரு பிள்ளையை ஒரே வருஷத்தில் இரண்டு மூன்று குடும்பங்களில் மாற்றி மாற்றி வைப்பார்கள். நாகலூரில் கொஞ்ச மாதம், டவுனில் கொஞ்ச மாதம் என்றால் ஒரு வீட்டின் தலையில் பாரம் முழுவதும் விழாது.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். பதினாறு வயதுப் பிள்ளைக்குப் பசிக்கும், பசித்தால் சாப்பிடும். முதல் மாதம் காரத்தைக் குறையுங்கள், காய்ச்சி ஆறிய தண்ணீர் கொடுங்கள். கறி சாப்பிடாத வீடு என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். சம்மதித்து வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். உடம்புக்கு முடியாமல் போனால் ஊரிலேயே அரசு மருத்துவமனை, பெரிதாக ஏதாவது என்றால் கீழே சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் குப்பனூர் வழி. நீங்கள் உங்கள் பிள்ளைக்கு யோசிப்பதை அந்தப் பிள்ளைக்கும் யோசித்தால் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பயப்படுவீர்கள். வெளிநாட்டவர் யார் நம் வீட்டில் தங்கினாலும் வந்த 24 மணி நேரத்துக்குள் தகவல் தரவேண்டும், ஆன்லைனிலேயே செய்யலாம். மாணவர் விசாவில் 180 நாளுக்கு மேல் இருக்கப்போகிறவர்கள் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு செய்துகொள்ளவேண்டும். சென்னை போன்ற நகரங்களில் அதற்குத் தனி அலுவலகம் உண்டு, மாவட்டங்களில் எஸ்.பி. அந்தப் பொறுப்பில் இருப்பார். பிள்ளையை அனுப்பும் அமைப்பு இதற்கெல்லாம் துணை நிற்கும். பதினெட்டு வயதுக்குக் கீழ் இருந்தால் நம் நாட்டுப் பிள்ளையானாலும் வெளிநாட்டுப் பிள்ளையானாலும் போக்சோ சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்பதை வீட்டில் இருக்கும் எல்லா ஆண்களும் பெண்களும் தெரிந்துவைத்திருக்கவேண்டும். பிள்ளையின் கையில் உங்கள் எண் மட்டும் இருந்தால் போதாது. உங்களைப் பற்றியே புகார் சொல்ல இன்னொருவர் எண்ணும் இருக்கவேண்டும். அதை நீங்களே எழுதிக் கொடுங்கள்.

பள்ளிக்கு ஒரு வார்த்தை. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டிலும் பொதுத்தேர்வுப் பதற்றம். இப்படி வரும் பிள்ளைக்கு ஒன்பதோ பதினொன்றோதான் சரி. அந்தப் பிள்ளை மதிப்பெண்ணுக்காக வரவில்லை. அதைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். மேடையேற்றிக் காட்சிப்பொருளாகவும் ஆக்காதீர்கள். காலையில் மணி அடிக்கும் முறை வந்தால் அது அடிக்கட்டும், வகுப்பறை கூட்டும் முறை வந்தால் அது கூட்டட்டும்.

"ஊர் என்ன பேசும்?" இதுதான் கடைசியில் வரும் கேள்வி, பலருக்கு முதல் கேள்வியும் இதுதான். ஊர் பேசும். பேசட்டும். ஆனால் ஒன்றை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். அந்தப் பிள்ளை பள்ளித் தோழி வீட்டுக்குப் போகும். அது மலையாளிக் கிராமமாக இருக்கலாம், எஸ்டேட் லைன் வீடாக இருக்கலாம், நீங்கள் இதுவரை தண்ணீர் வாங்கிக் குடிக்காத வீடாக இருக்கலாம். அங்கே உட்கார்ந்து சாப்பிடும், அந்தத் தோழியை உங்கள் வீட்டுக்கும் கூட்டிவரும். "அவங்களுக்கு ஏன் வேற டம்ளர்?" என்று எல்லோர் எதிரிலும் கேட்கும். அப்படிக் கேட்கும்படியான ஒன்று நம் வீட்டில் இருந்தால், பிள்ளை வருவதற்கு முன்பே அதை எடுத்துவிடுங்கள். ஒரு வெளியூர்ப் பிள்ளைக்காக எடுத்தது உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் எடுத்ததாக இருக்கட்டும். இதை நான் இங்கே பாதுகாப்பாக உட்கார்ந்துகொண்டு சுலபமாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நிறத்தையும் ஊரையும் வைத்து ஒதுக்கப்படுவது எப்படி இருக்கும் என்று இங்கே என் மகளும் அறிவாள்.

ஆங்கிலம் பழகலாம் என்பதற்காக மட்டும் பிள்ளையை எடுக்காதீர்கள். நாளைக்கு நம் பையனுக்கு விசா கிடைக்க உதவும் என்றும் எடுக்காதீர்கள். வருகிற பிள்ளைக்கு ஆங்கிலம் உங்கள் பிள்ளையை விடக் குறைவாகவும் இருக்கலாம்; அது இத்தாலியிலிருந்தோ தாய்லாந்திலிருந்தோ வரலாம். நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் லாபம் வேறு. உலகப் படத்தில் ஒரு நாட்டைப் பார்த்தால் அங்கே ஒரு முகம் தெரியும். செய்தியில் அந்த நாட்டில் நிலநடுக்கம் என்றால் வயிறு கலங்கும். போரைப் பற்றிப் பேசும்போது நாக்கு நிதானிக்கும். என் மகளுக்கு இப்போது அப்படித்தான் ஆகியிருக்கிறது. வளர்ந்தபின் எவ்வளவு படித்தாலும் இது வருவதில்லை; அந்த வயதில் ஒரே வீட்டில் இருந்தால் வருகிறது.

நம் பிள்ளைகள் போகவும் வழி இருக்கிறது. அமெரிக்க அரசு 2002இல் தொடங்கிய கென்னடி-லூகர் உதவித்தொகைத் திட்டத்தில் இந்திய மாணவர்களும் செலவில்லாமல் ஒரு கல்வியாண்டு அங்கே போய்வந்திருக்கிறார்கள். ரோட்டரியிலும் போகிறார்கள். ஏற்காட்டு அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை அதற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றால் முதலில் அப்படி ஒன்று இருப்பது ஊருக்குத் தெரியவேண்டும். ஒரு வீட்டில் ஒரு வெளிநாட்டுப் பிள்ளை இருந்தால் அது தானாகத் தெரியும்.

வருகிற பிள்ளைக்கு நம் மலை என்னவெல்லாம் வைத்திருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இங்கேயே மனசு நிறைகிறது. மழை நின்றதும் சில்வர் ஓக் மரத்தடியில் காப்பிப் பழம் சிவக்கும். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு கூடையைக் கட்டிக்கொண்டு பழம் பறித்துப் பார்க்கட்டும், கூலிக்குப் பறிக்கும் அத்தைகளின் கை வேகத்தைப் பார்த்து அசரட்டும். பொங்கலுக்குப் பானை பொங்கும்போது கூடவே கத்தட்டும். பங்குனியில் முதல் மழை விழுந்து தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூத்து மணக்கும் அந்தக் காலையில் எழுப்பிக் கூட்டிப்போங்கள். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவில், குகைக்குள் குனிந்து போய் சாமி கும்பிடும் வரிசையில் அதையும் நிற்கவையுங்கள். விருப்பமில்லை என்றால் வெளியே உங்கள் கைப்பையை வைத்துக்கொண்டு காத்திருக்கட்டும். இவையெல்லாம் சுற்றுலா வருகிறவருக்குக் கிடைக்காதவை. இவற்றைக் கொடுக்க நமக்குக் காசு செலவில்லை.

இப்போது நான் கேட்பது இதுதான். பள்ளி ஆசிரியர் ஒருவர், ரோட்டரியைத் தெரிந்த ஒருவர், மகளிர் குழுவிலிருந்து இருவர், பிள்ளை வைத்திருக்கும் பெற்றோர் சிலர் என்று ஒரு மாலை கூடிப் பேசுங்கள். சேலம் ரோட்டரிச் சங்கங்களிடமும் ஏ.எஃப்.எஸ். இந்தியாவிடமும் என்னென்ன தேவை என்று எழுதிக் கேளுங்கள். மறுத்துவிட்டால் அடுத்த வருஷம் மறுபடி கேளுங்கள். விடுதிப் பிள்ளைகளில் விடுமுறைக்கு வீடு போக முடியாதவர்கள் இருந்தால், பள்ளியும் பெற்றோரும் சம்மதித்தால், ஒரு ஞாயிறு மதியச் சாப்பாட்டில் தொடங்குங்கள். அடுத்த மே மாதம் நான் ஊருக்கு வருகிறேன். என் மகளும் வருகிறாள். அந்தக் கஜகப் பெண்ணையும் அழைத்திருக்கிறேன், அவள் அம்மா சம்மதித்தால் வருவாள். நான் சொல்வதை விட அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். படிவம் நிரப்ப, கடிதம் எழுத, வருகிற பிள்ளையின் பெற்றோரோடு பேச, நடு இரவில் பயம் வந்தால் கூப்பிட்டுக் கேட்க நான் இருக்கிறேன்.

பத்து வீடு வேண்டாம். முதலில் ஒரு வீடு போதும். அது யார் வீடு என்று நீங்கள் கூடிப் பேசி முடிவெடுத்து எனக்குச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
ஏற்காட்டிலிருந்து விஸ்கான்சின் வந்த ஒருத்தி